நிஜ டர்ன்டேபிளைப் பார்த்து மாடல் டர்ன்டேபிள் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டக் குழிக்குள் சுழலும் பாலத்தின் மேல் எஞ்சினை நிறுத்தித் திசை திருப்பும் டர்ன்டேபிளை மாடல் ரயில் அமைப்புக்காகத் தாங்களே செய்ய நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது இங்கிலாந்தின் பாரோ ஹில் ஷெட். அளவு ஓஓ, அதாவது நிஜத்தில் ஓர் அடி மாடலில் 4 மி.மீ. வேறு ஷெட்டைச் செய்பவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம். வேலை முறை மாறாது.

எத்தனையோ டர்ன்டேபிள்கள் இருக்க, ஏன் பாரோ ஹில்?

டெர்பிஷயரில் செஸ்டர்ஃபீல்டுக்குப் பக்கத்தில் மிட்லண்ட் ரயில்வே 1870-ல் கட்டிய ரவுண்ட்ஹவுஸ் (டர்ன்டேபிளைச் சுற்றி எஞ்சின்களை நிறுத்திவைக்கும் கூடம்) இது. வெளியிலிருந்து பார்த்தால் சதுரக் கட்டடம். உள்ளே நடுவில் 60 அடி டர்ன்டேபிள், அதைச் சுற்றி 24 தடங்கள். 1991 பிப்ரவரியில் ஷெட் மூடப்பட்டது. 1998-ல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தது. பிரிட்டனில் இன்றும் வேலை செய்யும் நிலையில் தப்பிப் பிழைத்த ரவுண்ட்ஹவுஸ் இது ஒன்றுதான். அதனால் எல்லாக் கோணங்களிலும் புகைப்படங்களும் காணொளிகளும் கிடைக்கின்றன.

மாடல் செய்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. 24 தடங்களை வட்டத்தில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 15 டிகிரி. பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டாது. மோட்டார் கணக்கும் முழு எண்ணில் வந்து நிற்கும்.

பாலத்தின் உடலமைப்புக்கு இங்கே தரும் அளவுகள் பிரிட்டிஷ் தகட்டுக் கர்டர் டர்ன்டேபிள்களின் பொது வடிவத்தை ஒட்டியவை. ரிவெட் வரிசை, கைப்பிடிக் கம்பி, பலகை விரிப்பு ஆகியவற்றை நீங்கள் செய்யப்போகும் காலத்துப் புகைப்படத்தில் எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள்.

60 அடி என்றால் எது 60 அடி? என் எஞ்சின் அதில் நிற்குமா?

பாலத்தின் மேலுள்ள தண்டவாளத்தின் நீளம்தான் 60 அடி. ஓஓ அளவில் 240 மி.மீ. எஞ்சினின் மொத்த நீளத்தை இதோடு ஒப்பிடக் கூடாது. முதல் சக்கரத்திலிருந்து டெண்டரின் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) கடைசிச் சக்கரம் வரையுள்ள தூரம் பாலத்துக்குள் அடங்க வேண்டும். அதுதான் கணக்கு.

எல்எம்எஸ் ரயில் நிறுவனத்தின் பிளாக் ஃபைவ் எஞ்சினுக்கு அந்தத் தூரம் 53 அடி 2¾ அங்குலம். மாடலில் 213 மி.மீ. தாராளமாக நிற்கும். எல்என்இஆர் நிறுவனத்தின் ஏ4 எஞ்சினுக்கு 60 அடி 10⅝ அங்குலம், அதாவது 243.5 மி.மீ.; 60 அடிப் பாலத்தில் நிற்கவே நிற்காது. டெல்டிக் டீசல் எஞ்சினின் மொத்த நீளம் 69 அடி 6 அங்குலம். சக்கரங்கள் பாலத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் இரு முனையிலும் சுமார் 19 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பாலம் சுற்றும்போது அந்த மூக்கு குழியின் விளிம்பைத் தாண்டித் துடைத்துக்கொண்டு போகும். விளக்குக் கம்பம், தண்ணீர்க் குழாய், மனிதப் பொம்மை எதையும் விளிம்பிலிருந்து 25 மி.மீ.-க்குள் நடாதீர்கள்.

கடையில் வாங்கிய எஞ்சினை நம்பி நிஜ அளவை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. வளைவில் ஓடுவதற்காக எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே சில மி.மீ. கூடுதல் இடைவெளி விட்டிருப்பார்கள். வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள்.

வேறு அளவுகளில் 60 அடி எவ்வளவு?

ஹெச்ஓவில் (1:87) 210 மி.மீ., பிரிட்டிஷ் என் அளவில் (1:148) 124 மி.மீ., 1:160 என் அளவில் 114 மி.மீ., ஓ அளவில் (அடிக்கு 7 மி.மீ.) 420 மி.மீ. என் அளவில் முதல் முயற்சியாக இதைச் செய்ய வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பாலம் சிறுத்தாலும் தண்டவாள முனைகள் சந்திக்க வேண்டிய நுட்பம் சிறுக்காது, இன்னும் இறுகும்.

வரைபடம் கிடைக்கவில்லை. புகைப்படத்திலிருந்து எப்படி அளவெடுப்பது?

பாலத்தைப் பக்கவாட்டில் நேராக எடுத்த படம் ஒன்று வேண்டும். பிரிட்டனில் தண்டவாள இடைவெளி 4 அடி 8½ அங்குலம்; பாலத்தின் நீளம் 60 அடி. இந்த இரண்டும் தெரிந்த அளவுகள். பக்கவாட்டுப் படத்தில் பாலத்தின் நீளத்தையே அளவுகோலாக வைத்து கர்டரின் உயரத்தைக் கணக்கிடுங்கள். கேமராவுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், தண்டவாளத்துக்குச் சமதளத்தில் உள்ள பொருளைத் தண்டவாளத்தோடும், கர்டர் முகத்தில் உள்ளதைக் கர்டரோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

கர்டரில் செங்குத்தாக நிற்கும் விறைப்புத் துண்டுகளை எண்ணுங்கள். இருபது இருந்தால் இருபதே வைக்க வேண்டும். நிஜத்தை அறிந்தவர் கண்ணுக்கு முதலில் படுவது இந்த எண்ணிக்கை. ரிவெட்டின் விட்டத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

குழியை எப்படி வெட்டுவது?

முழு டர்ன்டேபிளையும் தனி அலகாகச் செய்து, பிறகு பெரிய பலகையில் இறக்குங்கள். 330 மி.மீ. சதுரப் பலகை போதும். குழியைச் சுற்றி 40 மி.மீ.-க்குக் குறையாத விளிம்பு கிடைக்கும். 24 தடங்களின் முனைகளும் அதே பலகையில் ஒட்டப்படும். பெரிய பலகை மழைக்காலத்தில் கொஞ்சம் வளைந்தாலும் பாலத்துக்கும் தட முனைகளுக்கும் உள்ள மட்டம் கெடாது. இதை விட்டுவிட்டு நேரடியாகப் பெரிய பலகையில் ஓட்டை போட்டவர்களின் மட்டம் ஒவ்வொரு பருவத்திலும் மாறிக்கொண்டே இருக்கும்.

தேவையானவை: அடித்தளத்துக்கு 6 மி.மீ. பிளைவுட் ஒன்று, அதன்மேல் வட்ட ஓட்டை போட்ட 12 மி.மீ. பிளைவுட் ஒன்று, அதற்கும் மேல் அதே ஓட்டையோடு 9 மி.மீ. பிளைவுட் ஒன்று. ஓட்டையின் விட்டம் 243 மி.மீ. உள்சுவரில் அரை மி.மீ. தடிமனுள்ள செங்கல் வடிவத் தாள் ஒட்டினால் 242 ஆகிவிடும். தடங்களின் தண்டவாளத்தை 1.6 மி.மீ. செப்புப் பலகை (சர்க்யூட் போர்டு) துண்டில் சால்டர் செய்து மேலே வைத்தால், குழியின் தரையிலிருந்து தண்டவாளத் தலை வரை சுமார் 24.5 மி.மீ. வரும். நிஜத்தில் ஆறடிக்குச் சற்று மேல்.

ரூட்டரில் ஆரக்கம்பி பொருத்தி வெட்டுங்கள். மூன்று பலகைகளையும் முதலில் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, மைய ஓட்டையைத் துளையிடும் மேசை இயந்திரத்தில் ஒரே தடவையில் போட வேண்டும். பிறகு அந்த ஓட்டையில் செருகிய முளையை மையமாக வைத்தே வட்டம் வெட்ட வேண்டும். வட்டத்தை வெட்டிவிட்டு அதன் மையத்தைத் தேடினால் அரை மி.மீ. விலகல் உறுதி. ரூட்டர் இல்லாதவர்கள் லேசர் வெட்டும் கடையில் கொடுக்கலாம். லேசர் கதிர் தின்னும் 0.15 முதல் 0.2 மி.மீ. அகலத்தை வரைபடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

எம்டிஎஃப் பலகை வேண்டாம். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விளிம்பு ஊதும். பிளைவுட்டாக இருந்தாலும் வெட்டிய விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை வுட் பிரைமரோ அரக்கு வார்னிஷோ அடித்துவிடுங்கள்.

மைய அச்சு எப்படி இருக்க வேண்டும்?

டர்ன்டேபிள் நன்றாக அமைவதும் அமையாததும் இங்கேதான் முடிவாகிறது. நிறம், ரிவெட், செங்கல் எதையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். அச்சு ஆடினால் திருத்த வழியில்லை.

வெளிவிட்டம் 8 மி.மீ., உள்விட்டம் 6 மி.மீ. உள்ள ஸ்டெயின்லெஸ் குழாயை ஷாஃப்டாக எடுங்கள். மின்கம்பி உள்ளே போக வேண்டும் என்பதால்தான் குழாய். கடையிலேயே 608 பேரிங் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். இறுக்கமாக வழுக்கி இறங்க வேண்டும், தானாக விழக் கூடாது. 608 என்பது ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் அதே பேரிங்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ.

இரண்டு பேரிங்குகள் வேண்டும். இரண்டுக்கும் இடையே 50 மி.மீ. தூரம். இந்தத் தூரம் முக்கியம். ஒரே பேரிங்கில் நிற்க வைத்தால், பாலத்தின் முனையில் 400 கிராம் எஞ்சின் ஏறியதும் பாலம் ஒரு பக்கம் சாயும். பேரிங்கில் 0.02 மி.மீ. தளர்வு இருந்தாலும் 50 மி.மீ. இடைவெளி இருக்கும்போது 120 மி.மீ. தள்ளியுள்ள முனையில் அது 0.05 மி.மீ. மட்டுமே. இடைவெளியை 15 மி.மீ. ஆகக் குறைத்தால் அதே தளர்வு முனையில் 0.16 மி.மீ. ஆகிவிடும், சக்கரம் இடித்துக்கொண்டு ஏறும்.

எடையைத் தாங்க மேல் பேரிங்கின் மேலே எஃப்8-16எம் என்ற சிறிய த்ரஸ்ட் பேரிங் வையுங்கள். அதற்கு மேல் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு) உள்ள வளையம் ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். உயரத்தைச் சரிசெய்ய த்ரஸ்ட் பேரிங்குக்கு அடியில் 0.1 மி.மீ. பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினால் போதும். வளையத்தைத் தளர்த்தி ஏற்றி இறக்கிப் பார்ப்பது வீண் வேலை. ஒவ்வொரு முறையும் வேறு உயரத்தில் நிற்கும்.

பாலம் பொருத்துவதற்கு முன் ஷாஃப்டில் ஒரு கம்பியைக் கட்டி, அதன் நுனியைக் குழியின் சுவருக்கு அருகில் வைத்துச் சுற்றுங்கள். ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) எட்டு இடங்களில் இடைவெளியைப் பாருங்கள். வித்தியாசம் 0.2 மி.மீ.-க்குள் இருந்தால் தொடரலாம். அதற்கு மேல் இருந்தால் பேரிங் கட்டையைக் கழற்றி நகர்த்துங்கள். எம்-சீல் போட்டு நிரந்தரமாக ஒட்டுவது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

பாலத்தை எதில் செய்வது? முழுதும் பிளாஸ்டிக் போதாதா?

போதாது. பிளாஸ்டிக் தாள் வெப்பத்தில் உலோகத்தைவிடப் பல மடங்கு நீளும். 240 மி.மீ. பாலம் 20 டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.3 மி.மீ. நீளும், முனை இடைவெளியே 0.5 மி.மீ. தான். வெயில் காலத்தில் உரசும். அதைவிட மோசம், பசை காய்ந்த பிறகு மெதுவாக வாழைப்பழம் போல வளையும்.

உள்ளே பித்தளை, வெளியே பிளாஸ்டிக் என்று செய்யுங்கள். 8 × 3 மி.மீ. பித்தளைப் பட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 238 மி.மீ. ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் அடியில் ஒன்று வரும்படி வைத்து மூன்று குறுக்குத் துண்டுகளால் இணைக்க வேண்டும். பட்டைகள் ஒன்றையொன்று மின்சாரத்தால் தொடக் கூடாது என்பதால் குறுக்குத் துண்டுகள் ஃபைபர் பலகையாக இருக்கட்டும். நடுத்துண்டை மட்டும் அகலமாக வெட்டி, அதன் அடியில் ரோபாட்டிக்ஸ் கடைகளில் கிடைக்கும் 8 மி.மீ. ஃபிளேஞ்ச் கப்ளிங்கை நான்கு எம்3 திருகுகளால் பிணைத்தால் ஷாஃப்டோடு இணைப்பு முடிந்தது.

வெளிமுகம் 1 மி.மீ. பிளாஸ்டிக் தாள். நடுவில் 16 மி.மீ. ஆழம், முனைகளில் 9 மி.மீ. என்று மீன் வயிற்று வடிவில் வெட்டுங்கள். ரிவெட்டுகளை 0.25 மி.மீ. தாளின் பின்புறத்திலிருந்து மழுங்கிய ஊசியால் அழுத்தி எடுத்து, பிறகு முகத்தில் ஒட்ட வேண்டும். வரிசை கோணினால் எத்தனை அழகாக நிறம் தீட்டினாலும் தெரியும். கீழே கட்டத்தாள் வைத்து அழுத்துங்கள்.

தண்டவாளம் 1.9 மி.மீ. உயரமுள்ள கோட் 75. பாலத்தில் அதன் நீளம் 241 மி.மீ. 242 மி.மீ. குழியில் இரு முனையிலும் அரை மி.மீ. இடைவெளி விடும். முனைகளின் மேல்பக்கத்தையும் உள்பக்கத்தையும் நுண் அரத்தால் ஒரு மி.மீ. நீளத்துக்கு மிக லேசாகச் சரித்துவிடுங்கள். சக்கரம் தட்டுவது பாதியாகக் குறையும்.

பாலத்தின் முனைச் சக்கரங்கள் எடை தாங்க வேண்டுமா?

பழைய நிஜ டர்ன்டேபிள்களில் எடையைத் தாங்குவது நடு அச்சு. எஞ்சினைச் சரியான இடத்தில் நிறுத்தி எடையைச் சமன் செய்தால் இரண்டு பேர் தள்ளியே சுற்றிவிடலாம். முனைச் சக்கரங்கள் எஞ்சின் ஏறும்போதும் இறங்கும்போதும் சாய்வைத் தாங்க மட்டுமே. எஞ்சின் ஓட்டுநர் அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை தேடுவது அதனால்தான். உங்கள் மாடலிலும் எஞ்சின் பாலத்தில் நின்றபின் ஒரு முறை கொஞ்சம் நகர்ந்து நிற்கட்டும். பார்ப்பவருக்கு நிஜம் போலிருக்கும்.

மாடலில் 240 மி.மீ. பாலத்துக்கு முனைச் சக்கரங்களை வெறும் தோற்றத்துக்கு வைப்பதே நல்லது. 10 மி.மீ. விட்டப் பித்தளை வட்டு, முனைக்கு இரண்டு. குழித் தரையில் வளைத்து ஒட்டிய வட்டத் தண்டவாளத்துக்கு 0.3 மி.மீ. மேலே நிற்கட்டும், அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. சக்கரமும் தொட்டு, அச்சும் தாங்கினால் வட்டத் தண்டவாளத்தின் ஒவ்வொரு மேடு பள்ளமும் பாலத்தை ஏற்றி இறக்கும். ஓ அளவில் எஞ்சின் எடை கூடுவதால் கதை வேறு. அங்கே முனைச் சக்கரங்களுக்கு மெல்லிய ஸ்பிரிங் கொடுத்துத் தாங்கவிடலாம்.

24 தடங்களும் குழி விளிம்பில் இடிக்காமல் எப்படி அமையும்?

விளிம்பில் ஒரு தடத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை 31.6 மி.மீ. கேஜ் (ஒரு தடத்தின் இரு தண்டவாளங்களுக்கும் உள்ள இடைவெளி) 16.5 மி.மீ. என்பதால் தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொடாது. ஓஓவில் இதே குழிக்குச் சுமார் 9 டிகிரிக்குக் கீழே போனால்தான் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும்; அங்கே கிராசிங் செய்ய வேண்டிவரும்.

தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைதான் சிக்கல். எட்டரை அடி ஸ்லீப்பர் 34 மி.மீ.; விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அதனால் விளிம்பிலிருந்து முதல் 30 மி.மீ. வரை ஸ்லீப்பர் இல்லாமல், கல் தளத்தில் பதித்த தண்டவாளமாகச் செய்யுங்கள். ஷெட்டுக்குள் தளம் போட்டிருப்பதால் இது பொருத்தமாகவே இருக்கும்.

எஞ்சின் அகலம் 36 மி.மீ. பக்கத்துத் தடத்து எஞ்சினை உரசாமல் 6 மி.மீ. விட்டு நிற்க, தட நடுக்களுக்கிடையே 42 மி.மீ. வேண்டும். அந்த இடம் மையத்திலிருந்து 161 மி.மீ. தூரத்தில், அதாவது விளிம்பிலிருந்து 40 மி.மீ. பின்னால்தான் வருகிறது. நிஜத்தில் தடங்களின் நீளம் 60 முதல் 80 அடி. மாடலில் 240 முதல் 320 மி.மீ. அதில் 40-ஐக் கழித்தால் நீளமான தடத்தில் 255 மி.மீ. நீளமுள்ள பிளாக் ஃபைவ் நிற்கும், குட்டையான தடத்தில் நிற்காது. குட்டைத் தடங்களை டெண்டர் இல்லாத டேங்க் எஞ்சின்களுக்கு ஒதுக்குங்கள். கட்டடத்தின் உள்ளளவு குறைந்தது 720 மி.மீ. சதுரம் என்பதையும் இடம் ஒதுக்கும்போது நினைவில் வையுங்கள்.

தடம் போடும் வரிசை: வெளியிலிருந்து உள்ளே வரும் தடத்தையும் அதற்கு நேர் எதிர்த் தடத்தையும் முதலில். பாலத்தின் மேல் நீள இரும்பு ஸ்கேலை வைத்து மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி சால்டர் செய்யுங்கள். பிறகு 90 டிகிரியில் உள்ள இரண்டு. அதன் பிறகே இடையிலுள்ளவை. ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போனால் சிறு சிறு பிழைகள் சேர்ந்து கடைசித் தடத்தில் ஒரு மி.மீ. பிசகும். தண்டவாள முனைகளை இரண்டு மி.மீ. குழிக்குள் நீட்டிவிட்டு ஒட்டி, எல்லாம் முடிந்தபின் மையத்திலிருந்து சுழலும் கையில் 121 மி.மீ. குறிவைத்து வெட்டினால் விளிம்பு ஒரே வட்டமாக வரும்.

எந்த மோட்டார்? கியர் மோட்டார் வாங்கிவிட்டேன், ஆகாதா?

பற்சக்கரப் பெட்டியோடு வரும் மலிவான மோட்டாரில் ஒரு டிகிரி வரை தளர்வு இருக்கலாம். 120 மி.மீ. தூரத்தில் ஒரு டிகிரி என்பது 2.1 மி.மீ. தண்டவாளம் சந்திக்கவே சந்திக்காது. பக்கவாட்டில் 0.15 மி.மீ.-க்குள் நிற்க வேண்டும் என்பதே இலக்கு.

நேமா 17 ஸ்டெப்பர் மோட்டாரும் ஜிடி2 பெல்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரில் 20 பல் புல்லி, ஷாஃப்டில் 120 பல் புல்லி; விகிதம் 6. பெரிய புல்லியின் விட்டம் சுமார் 76 மி.மீ.; 3டி பிரிண்டில் எடுக்கலாம். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி, ஆக பாலத்தின் ஒரு சுற்றுக்கு 1,200 முழுப் படிகள். 24-ஆல் வகுத்தால் ஒரு தடத்துக்குச் சரியாக 50 படி. பதினாறில் ஒரு பங்கு நுண்படி வைத்தால் ஒரு நுண்படிக்கு விளிம்பில் 0.04 மி.மீ. நகர்வு. தடம் போடுவதில் உள்ள சிறு பிழைகளை இந்த நுண்படிகளால் ஈடுசெய்யலாம். பெல்ட் இல்லாமல் மோட்டாரை நேரடியாக ஷாஃப்டில் மாட்டினால் ஒரு நுண்படியே 0.24 மி.மீ.; அது போதாது.

நிரல் ஓட்டும் ஆர்டுயினோ நானோ போர்டும் மோட்டாரை இயக்கும் டிஎம்சி2209 டிரைவரும் போதும். ஏ4988 டிரைவரும் ஓடும், ஆனால் கீச்சென்று கத்தும். பெரிய புல்லியில் 3 மி.மீ. காந்தம், அதன் எதிரே ஏ3144 ஹால் சென்சார். இதுதான் பூஜ்ய இடம். மின்சாரம் போட்டதும் பாலம் பூஜ்யத்தைத் தேடிப் போகும்படி நிரல் எழுதுங்கள். 24 இடங்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துச் சரிசெய்து ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமிக்க வேண்டும். எந்தத் தடத்துக்குப் போனாலும் கடைசி ஐந்து டிகிரியை ஒரே திசையில் சுற்றி வந்து நிற்கட்டும். பெல்ட்டின் நெகிழ்வு எப்போதும் ஒரே பக்கம் இருப்பதால் பிழை தெரியாது. டிசிசி (எஞ்சின்களை டிஜிட்டல் குறிகளால் இயக்கும் முறை) அமைப்பில் டிசிசி-எக்ஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு இதற்கென்றே எக்ஸ்-டர்ன்டேபிள் என்ற தயார் நிரல் இருக்கிறது.

வேகத்தைக் குறையுங்கள். அரைச் சுற்றுக்கு இரண்டு நிமிடம், அதாவது நொடிக்கு 80 நுண்படி. தொடக்கத்திலும் முடிவிலும் இன்னும் மெல்ல. பத்து நொடியில் திரும்பும் டர்ன்டேபிள் எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் பொம்மையாகவே தெரியும்.

பாலம் அரைச் சுற்று சுற்றினால் மின்சாரம் தலைகீழாகி ஷார்ட் ஆகிறதே?

பாலத்தின் இரண்டு தண்டவாளங்களும் இடம் மாறிக்கொள்வதால் வரும் சிக்கல் இது. முதலில் தடங்களைச் சரியாக இணைக்க வேண்டும். வட்டத்தை இரு பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதியின் 12 தடங்களில், மையத்திலிருந்து வெளியே பார்க்கும்போது வலப்பக்கத் தண்டவாளம் 'அ' கம்பி. மறு பாதியில் வலப்பக்கம் 'ஆ' கம்பி. இப்படிச் செய்தால் பாலத்தின் இரு முனைகளும் எப்போதும் எதிரெதிர்த் தடங்களோடு ஒத்துப்போகும். எல்லாத் தடங்களையும் ஒரே மாதிரி இணைத்தால் ஒரு முனை பொருந்தும்போது மறுமுனை முரண்படும்.

அடுத்து, பாலத்துக்குப் போகும் மின்சாரத்தைப் பிரிகோட்டைத் தாண்டும்போது மாற்ற வேண்டும். பிரிகோடு இரண்டு தடங்களுக்கு நடுவே, அதாவது தடத்திலிருந்து 7.5 டிகிரி தள்ளி அமையட்டும். வழிகள் மூன்று. செப்புத் தகட்டை இரண்டு அரைவட்டமாக வெட்டிய வளையமும் அதில் உரசும் தொடுகம்பிகளும் முதல் வழி. வெட்டு இடைவெளி தொடுகம்பியின் அகலத்தைவிடப் பெரியதாக இல்லாவிட்டால் கடக்கும்போது ஷார்ட் ஆகும். ஆர்டுயினோ இயக்கும் இரட்டை ரிலே இரண்டாவது. டிசிசியில் தானாகத் துருவம் மாற்றும் கருவி மூன்றாவது. எங்கள் தேர்வு ரிலேதான். பாலம் எங்கே நிற்கிறது என்பது ஆர்டுயினோவுக்கு ஏற்கெனவே தெரியும். ரிலே, தானியங்கிக் கருவி இரண்டுக்கும் கம்பிகள் முறுக்கிக்கொள்ளாமலிருக்க 12.5 மி.மீ. விட்டமுள்ள ஆறு கம்பி ஸ்லிப் ரிங்கை ஷாஃப்டின் அடிமுனையில் மாட்டுங்கள். அதில் இரண்டு கம்பி தண்டவாளத்துக்கு, இரண்டு விளக்குக்கு, இரண்டு உபரி.

ஓடிக்கொண்டிருந்தது இப்போது தகராறு செய்கிறது. எங்கே பார்ப்பது?

ஒரு மணி நேரம் ஓடியபின் எல்லாத் தடங்களிலும் ஒரே அளவு பிசகுகிறது என்றால் மோட்டார் படிகளைத் தவறவிடுகிறது. பெல்ட் தளர்வு, புல்லியின் கிரப் ஸ்க்ரூ, டிரைவரின் மின்னோட்டம் என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் கிரப் ஸ்க்ரூ. ஷாஃப்டில் அரத்தால் ஒரு தட்டைப் பகுதி செய்து அதன்மேல் இறுக்கினால் திரும்ப வராது. குழாய் மெல்லியது என்பதால் ஆழமாக அராவாதீர்கள்.

ஒரே ஒரு தடத்தில் மட்டும் பிசகினால் அந்தத் தடமே நகர்ந்திருக்கிறது. அந்த முனையில் செப்புப் பலகை பிளைவுட்டிலிருந்து விட்டுப்போயிருக்கும். நிரலில் எண்ணை மாற்றிச் சமாளிக்காமல் மறுபடி ஒட்டுங்கள்.

பாலத்தில் ஏறும்போது மட்டும் தடம் புரண்டு இறங்கும்போது புரளாவிட்டால் பாலத்தின் முனை உயரமாக இருக்கிறது என்று பொருள். இறங்கும்போது மட்டும் புரண்டால் தடத்தின் முனை உயரம். நகத்தை இரண்டு திசையிலும் இழுத்துப் பார்த்தால் 0.1 மி.மீ. படியும் தட்டுப்படும்.

ஒலி டிகோடர் (டிசிசி குறிகளைப் படித்து ஒலி எழுப்பும் சிறு மின்னணுப் பலகை) உள்ள எஞ்சின் பாலத்தில் நின்று நின்று மறுதொடக்கம் ஆனால் ஸ்லிப் ரிங்கை விட முதலில் சால்டர் இணைப்பைச் சந்தேகியுங்கள். ரிலே மாறும் கணத்தில் மட்டும் நிகழ்ந்தால் டிகோடருக்கு மின்தேக்கி வைத்துக்கொள்ளலாம்.

மோட்டார் சும்மா நிற்கும்போதும் சூடாகிறதென்றால் அது கோளாறு இல்லை. நிற்கும் நேர மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க டிஎம்சி2209-ல் வசதி உண்டு.

எல்லாம் சரியாக வேலை செய்கிறது, ஆனால் நிஜமாகத் தெரியவில்லை. என்ன குறை?

பெரும்பாலும் கறுப்பு நிறம் கூடியிருக்கும். குழியின் சுவரை முதலில் செங்கல் நிறத்தில் முழுதாகத் தீட்டி, சாந்துக் கோடுகளுக்கு வெளிர் சாம்பல் வழித்துத் துடைத்து, அதன் பிறகுதான் அழுக்கு. எண்ணெய் எல்லா இடத்திலும் விழாது. நடு அச்சைச் சுற்றி, வட்டத் தண்டவாளத்தின் ஓரம், தடங்களின் முனைக்கு நேர் கீழே என்று மூன்று இடங்களில் அடர்த்தியாக இருக்கும். கூரைக்குள் இருக்கும் டர்ன்டேபிள் என்பதால் துரு ஓடிய மழைக் கோடுகள் குறைவு, கரித்தூள் அதிகம். சக்கரம் ஓடும் தண்டவாளத் தலை பளபளவென்று இருக்க வேண்டும். பக்கங்கள் அடர் பழுப்பு. அதிகம் பயன்படாத இரண்டு மூன்று தடங்களின் தலையை மட்டும் மங்கலாக விடுங்கள்.

காலமும் ஒத்துப்போக வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேயில் இந்த ஷெட்டின் குறியீடு 18டி. 1958 முதல் 41இ. எஞ்சின் முகத்தில் ஒட்டும் ஷெட் தகடு அந்த வருடத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். சிறிய எஞ்சின் ஒன்று வேண்டுமென்றால் மிட்லண்ட் 1எஃப் அரைக்கூரை டேங்க் எஞ்சின்தான் இந்த ஷெட்டின் அடையாளம். ஸ்டேவ்லி இரும்பாலைக்குள் வண்டிகளை நகர்த்தித் தர 1866-ல் போட்ட நூறாண்டு ஒப்பந்தத்தால் அந்தப் பழைய எஞ்சின்கள் 1960-களின் நடுப்பகுதி வரை இங்கே வேலை பார்த்தன. அவற்றில் 41708 என்ற எண்ணுள்ளது இன்னும் இருக்கிறது.

பாலத்தின் முனையில் ரப்பர் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால் அது வேக்குவம் டிராக்டர் உள்ள டர்ன்டேபிள் ஆகிவிடும். எஞ்சினின் பிரேக் வேக்குவத்தை அந்தக் குழாயில் இணைத்து அந்த விசையால் பாலத்தைச் சுற்றும் ஏற்பாடு பிரிட்டனில் பரவலாக இருந்தது. நீங்கள் பார்த்துச் செய்யும் படத்தில் அது இருந்தால் மட்டும் வையுங்கள்.

நம்மூர் மீட்டர் கேஜ் ஷெட்டை இதே முறையில் செய்யலாமா?

செய்யலாம். ஹெச்ஓ அளவில் மீட்டர் கேஜ் 11.5 மி.மீ.; கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தடம் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அகல ரயில் பாதையான 1,676 மி.மீ.-க்கு ஹெச்ஓவில் 19.2 மி.மீ., ஓஓவில் 22 மி.மீ. தேவை, இரண்டுக்கும் தண்டவாளத்தை நீங்களே செப்புப் பலகையில் சால்டர் செய்துகொள்ள வேண்டும். எஞ்சினின் சக்கரங்களையும் மாற்ற வேண்டியிருக்கும், அதுதான் பெரிய வேலை.

ஷெட்டின் பழைய வரைபடம் கிடைக்காவிட்டால், அங்கே ஓடிய எஞ்சின்களில் மிக நீளமானதன் சக்கரத் தூரத்தை எஞ்சின் வரைபடத்தில் பார்த்து, அதோடு நிஜத்தில் இரண்டு மூன்று அடி சேர்த்துப் பாலத்தின் நீளத்தை வையுங்கள். 12 மி.மீ. கேஜில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளாமல் அமையக்கூடிய குறைந்தபட்சக் கோணம், 210 மி.மீ. பாலத்துக்குச் சுமார் 8 டிகிரி. தடங்கள் வட்டம் முழுதும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் விசிறி போல விரிந்திருந்தால் மின்சாரப் பிரிகோட்டைத் தடமே இல்லாத பக்கமாகத் தள்ளிவைத்துவிடலாம். அதன் மறுமுனை எதிர்ப்பக்கத்தில் எங்கே வந்து விழுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தடம் இருந்தால் பிரிகோட்டைச் சில டிகிரி நகர்த்த வேண்டும்.